வீட்டோடு சேர்ந்த காவலாளி

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் கழிப்பறையைக் காட்டிவிட வேண்டும். எங்கள் தொழிலில் பலர் முதலில் கூடத்தைக் காட்டுவார்கள், மாடியைக் காட்டுவார்கள், கழிப்பறையைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பார்கள். அது தவறு. கடைசியாகப் பார்த்ததுதான் மனதில் தங்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண்முன்னே அந்தப் பீங்கான்தான் வந்து நிற்கும். முதலிலேயே காட்டிவிட்டால், அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் அழகாகத் தெரியும்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரிகிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. ஆனால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பது வாக்குமூலத்தில் வர வேண்டும். வெளியே நிற்கிற கூட்டம் என்னை மோசடிக்காரன் என்று கத்துகிறது. இந்த இபாடான் நகரத்தில் இத்தனை காலமாக வீட்டுத் தரகு பார்க்கிறேன். இந்த இஷோலா காட்டிய வீட்டில் குடியேறிப் பிறகு கழிப்பறையைப் பார்த்து அழுதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. மோசடிக்காரனுக்கு இவ்வளவு அக்கறை இருக்குமா?

பாபா அடிகுன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் லாரி உதிரிபாகங்கள் விற்றுச் சம்பாதித்தவர். நகரம் முடிந்து புதர் தொடங்குகிற இடத்தில், மனைவியும் அவருமாகச் செங்கல் செங்கலாகச் சேர்த்து ஐந்து படுக்கையறை வைத்து ஒரு வீடு கட்டினார்கள். கட்டி முடித்த கொஞ்ச காலத்தில் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் மோரெனிகே கனடாவில் நர்ஸ். இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருவன் என்ன செய்வது, விற்றுக்கொடு என்று பாபாதான் என்னைக் கூப்பிட்டார். நானாகப் போய்க் கதவைத் தட்டவில்லை.

நான்கு வருடம் ஆள் கூட்டிக்கொண்டு போனேன். வருகிற ஒவ்வொருவருக்கும் பாபா சாப்பாடு போடுவார். கூடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கூட்டிப்போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டுவார். எந்த ஜன்னலுக்கு எந்தக் கொத்தனார் எப்போது சண்டை போட்டான் என்பது வரைக்கும் சொல்லுவார். வந்தவர் மயங்கிப்போய்க் கேட்ட விலைக்குச் சரி என்பார். மறுநாள் பாபா வேண்டாம் என்பார்.

"பாபா, அந்த டாக்டருக்கு என்ன குறைச்சல்? வெலையக் கொறைக்கவே இல்லயே."

"போட்ட அமலாக் களியப் பாதியில வச்சுட்டான் இஷோலா. தட்டுல மிச்சம் வைக்கறவன் வீட்ட எப்படிப்பா முழுசா பாத்துக்குவான்?"

"சரி, அந்தப் போதகரு?"

"எம் பொண்டாட்டி ரூம்ல தும்மினான்."

"தும்மறது ஒரு குத்தமா?"

"தும்மறது குத்தமில்ல. யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்கல பாரு."

நாளாக நாளாக எனக்குப் புரிந்தது. பாபாவுக்கு விற்பதில் ருசி இல்லை. காட்டுவதில்தான் ருசி. வீடு விற்கும் வரைக்கும்தானே ஆட்கள் வருவார்கள். விற்றுவிட்டால் யார் வருவார்? அதை நான் புரிந்துகொண்டேன். ஆனால் தரகனுக்குப் புரிதலில் தரகு கிடைப்பதில்லை. விற்காத வீடு வைத்திருக்கிற தரகனைப் பார்த்து மற்ற தரகர்கள் சிரிப்பார்கள். அடிகுன் வீட்டைக் காட்டிக் காட்டியே என் செருப்புகள் தேய்ந்தன என்பதை ஒரு கேலிப் பேச்சாகவே வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டின் மதில்மேல் பாபா பெரிய சிவப்பு எழுத்தில் 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை, ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை' என்று எழுதி வைத்திருந்தார். விற்கிற வீட்டில் இது எதற்கு என்று கேட்டேன். யாராவது தனக்குத் தெரியாமல் விற்றுவிடுவார்களோ என்று பயம் என்றார். நம் ஊரில் அது நியாயமான பயம்தான். நான் மறுக்கவில்லை.

வீடு காட்டும்போது வீட்டுக்காரர் அங்கே இருக்கக் கூடாது என்பது தொழிலில் அடிப்படைப் பாடம். வாங்க வருகிறவர் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டைப் பார்க்க மாட்டார். இதை எத்தனையோ தடவை சொன்னேன். பாபா கேட்கவில்லை. ஓட்டை விழுந்த பனியனோடு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹாரன் கேட்டால் எழுந்துபோய்த் தானே திறந்துவிடுவார். அப்படித்தான் மதாம் லபாகேயும் அவரை முதன்முதலில் பார்த்தார்.

மதாம் லபாகே குளிரூட்டிய மீன் மொத்த வியாபாரி. கணவர் கப்பலில். மூன்று பிள்ளைகள். பெரிய வண்டி, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. பாபா கேட்டைத் திறந்ததும் கண்ணாடியை இறக்கி, ஒரு நோட்டை நீட்டினார்.

"வச்சுக்க பாபா. டீ குடி."

பாபா அதை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அன்று முழுவதும் மதாமின் பின்னால் கைகட்டிக்கொண்டே நடந்தார், அவ்வப்போது வாயைப் பொத்திச் சிரித்தபடி. நானும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெரியவரின் விளையாட்டைக் கெடுப்பது மரியாதை இல்லை.

வீட்டைப் பார்த்து முடித்து வண்டியில் ஏறும்போது மதாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீடு புடிச்சுப்போச்சு. ஓனருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் காவக்காரரையும் சேத்துக் குடுக்கணும். இந்தக் காலத்துல சிரிச்ச மொகத்தோட கேட்டு தொறக்கறவன் எவன் இருக்கான்?"

யோசனை என்னுடையது அல்ல என்பதை இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாபாவிடம் கேட்டேன். நல்ல பெண், ஆனால் மீன் வாசம் அடிக்கிறது என்றார். இன்னொரு தடவை கூட்டி வா, சாப்பிட வைத்துப் பார்ப்போம் என்றார். ஷேர் டாக்ஸியில் ஐந்து பேரோடு நசுங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது நிதானமாக யோசித்தேன். வாங்குகிறவருக்கு வீடு பிடித்திருக்கிறது. காவலாளியும் பிடித்திருக்கிறது. பாபாவுக்கோ காவலாளியாக இருப்பதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறைவது ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் இல்லாமல் வீட்டை விற்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே என் மனைவியின் தம்பி சாதிக்குவைக் கூப்பிட்டேன். அவன் முடிதிருத்துகிறவன். ஆனால் நல்ல தொந்தி உண்டு. ஐந்து படுக்கையறைக்கு ஏற்ற தொந்தி. பாபாவோ ஒல்லி. அந்த விதத்தில் பார்த்தால் சாதிக்குதான் அந்த வீட்டுக்குப் பொருத்தமானவன். நீல நிற அக்பாடா அங்கி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுவிட்டேன். இனி நீ அல்ஹாஜி, வாயைத் திறக்காதே, கேட்டால் தலையை மட்டும் ஆட்டு என்று சொல்லித்தான் வக்கீல் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அவன் கண் மட்டும் வக்கீலின் பின்கழுத்தைவிட்டு அகலவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"வக்கீல் சார், பின்னாடி உங்களுக்கு யாரு வெட்டினது?"

வக்கீல் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "ஏன், அல்ஹாஜி?"

"எடது பக்கம் ஒரு வெரக்கட எறங்கியிருக்கு. மனுசன் வெளிய நடமாட வேணாமா?"

நான் அவன் காலை மிதித்தேன். மதாம் லபாகே உருகிப்போய்விட்டார். "எவ்வளவு சொத்து இருக்கு, எவ்வளவு எளிமை பாருங்க. அடுத்தவங்க தலையப் பத்திக்கூடக் கவலப்படறாரு" என்றார். பிறகு காவலாளியைப் பற்றிக் கேட்டார்.

"எந்தக் காவலாளி?" என்றான் சாதிக்கு.

"நம்ம பாபா, அல்ஹாஜி" என்றேன்.

"ஓ, பாபாவா. தங்கமான ஆளு. முடிதான் கம்மி."

வீட்டில் ஏதாவது குறை இருந்தால் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பின்னால் சண்டை வரும். இதிலும் நான் விதியை மீறவில்லை. வெளியே வந்ததும் மதாமிடம் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பெரியவருக்கு ஒரு சின்னக் கோளாறு உண்டு மதாம். இந்த வீடு தன்னோடதுன்னு நெனச்சுக்குவாரு."

"அய்யோ பாவம். அடிப்பாரா?"

"ச்சே, ஈய அடிக்க மாட்டாரு. 'ஆமா பாபா, உங்க வீடுதான்'னு சொல்லிட்டாப் போதும், சந்தோசமாயிடுவாரு."

"அவ்வளவுதானா? எங்க மாமனாரு இந்த ஊரே தன்னோடதுன்னு நெனச்சுட்டு இருக்காரு. அவரையே சமாளிக்கறேன்."

பாபாவிடம் சொன்னது வேறு. இப்போதெல்லாம் பெரிய இடத்து ஆட்கள் வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள், தலைநகர் அபுஜாவில் இதுதான் வழக்கம் என்றேன்.

"எவ்வளவு நாளு தங்குவாங்க?"

"ஒரு மழைக்காலமாவது பாக்க வேணாமா பாபா? கூரை ஒழுகுதா என்னன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

"என் கூரையா? ஒழுகறதா?" பாபாவின் மூக்கு விடைத்துக்கொண்டது. "வரச் சொல்லு. ஒண்ணு என்ன, ரெண்டு மழைக்காலம் பாக்கட்டும். மெத்தையோட வரச் சொல்லு."

வாங்குகிறவர்கள் முழு வீட்டையும் அனுபவித்துப் பார்க்கட்டும் என்று, பின்பக்கத்தில் வேலையாட்களுக்காகக் கட்டிய ஒற்றை அறைக்குத் தானே மாறிக்கொண்டார். ரேடியோவையும் மனைவியின் படத்தையும் தானே தூக்கிக்கொண்டார். நான் அவரை வெளியேற்றினேன் என்று நேற்று யாரோ சொன்னார்கள். நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல ஒரு வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் வாரம் ஒருமுறை போவேன். விற்ற பிறகும் வீட்டைப் போய்ப் பார்க்கிற தரகர் எத்தனை பேர்?

"பாபா, கேட்டு பக்கத்துல புல்லு மண்டிக் கெடக்கு, கொஞ்சம் வெட்டிருங்க" என்பார் மதாம்.

"வெட்டிர்றேம்மா. வாங்கறவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்ல" என்பார் பாபா.

"ஆமா பாபா."

"வீடு புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு பாபா."

"கூரை?"

"ஒரு சொட்டு எறங்கல."

"நான் கட்டினதும்மா."

"ஆமா பாபா, உங்க வீடுதான்."

இருவரும் மனநிறைவோடு பிரிவார்கள். மதாமின் விருந்தாளிகள் வந்தால் பாபாதான் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். குழாயைத் திறந்து மூடுவார். எந்தக் கொத்தனார் எதற்குக் கோபித்துக்கொண்டு போனான் என்று சொல்லுவார். கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமா பாபா, உங்க வீடுதான் என்பார்கள். அவர் முகம் மலர்ந்துவிடும். சொந்தக்காரராக இருந்தபோது இத்தனை பேர் அதை அவரிடம் ஒத்துக்கொண்டதில்லை. மூன்று வேளையும் மீன். கொஞ்சம் சதைகூடப் போட்டார். மதில்மேல் இருந்த சிவப்பு எழுத்து மங்கிப்போயிருந்தது. மதாம் அதைப் புதுசாக எழுதச் சொன்னார். அவருக்கும் அதே பயம்தான். சாயம் அடித்தது பாபா. இருவரும் நின்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மழை விட்டது. மதாமுக்குச் சமையலறையில் மீன் பெட்டி வைக்க இடம் போதவில்லை. பக்கத்தில் இருந்த சிறிய அறையோடு சேர்த்துச் சுவரை இடிக்க ஆள் வரவழைத்தார். அந்த அறையில்தான் பாபாவின் மனைவி துணி தைப்பாராம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு சுவரைக் காட்டியிருப்பேன். எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் சுவரைத் தேர்ந்தெடுத்ததுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பாபா சுத்தியலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"வாங்காத வீட்ட இடிக்கலாமா மதாம்?"

"பாபா, நகருங்க. மேல விழுந்துரும்."

"மொதல்ல பணத்தக் குடுங்க. அப்புறம் எல்லாச் செவுத்தையும் இடிங்க. ரெண்டு மழைக்காலம்னு சொன்னேன், அதுக்காக வெலையே பேசாம இருந்தா எப்படி?"

"ஆமா பாபா, உங்க வீடுதான்" என்று மதாம் பொறுமையாகச் சொன்னாராம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் கண்ணுல்ல."

அதுவரைக்கும் அந்த வார்த்தையை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அது எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்திருக்கிறார். மதாமின் முகத்தைப் பார்த்தார். கொத்தனார் முகத்தைப் பார்த்தார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். பாபா அப்படியே சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். என்னை இரண்டு பேருமே ஒரே நேரத்தில் போனில் கூப்பிட்டார்கள். என்னிடம் இரண்டு போன் உண்டு. ஒவ்வொரு காதிலும் ஒன்றை வைத்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே தடவை சொன்னேன்.

இஃபே சாலையில் ஒரு குன்றின்மேல் தீர்க்கதரிசி ஒபடையா என்பவர் ஜெப முகாம் வைத்திருக்கிறார். மனம் பேதலித்தவர்களை அங்கே கொண்டுவிடுவார்கள். செலவு முழுவதையும் மதாம் ஏற்றுக்கொண்டார். பாபா நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று கண்ணீர் விட்டார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன பிசாசு என்று தீர்க்கதரிசி கேட்டார்.

"வீட்டுக்காரப் பிசாசு" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "அது லேசுல போவாதுப்பா. எனக்கு வாடகைக்கு விட்டிருக்கானே, அவனுக்கும் அதான் புடிச்சிருக்கு."

அங்கே உபவாசம்தான் மருந்து. நான் வீட்டுக்காரன் அல்ல என்று சொன்னால் சூப் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் இல்லை. மிக எளிமையான ஏற்பாடு. ஆனால் பாபா பிடிவாதக்காரர், டாக்டரையும் போதகரையும் திருப்பி அனுப்பியவர். அதனால் நாள் பிடித்தது. வழக்கமாக இரண்டு காலிலும் சங்கிலி போடுவார்கள். நான் எடுத்துச் சொன்னதால் ஒரு காலோடு நிறுத்திக்கொண்டார்கள். இதை அவருடைய மகள் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

அவர் இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்தாராம். எத்தனை லாரி மணல் இறங்கியது, எந்தத் தச்சன் நிலைக்கதவைக் கோணலாக வைத்தான், சமையலறையில் தொட்டி எங்கே வைப்பது என்று மனைவியோடு என்ன வாக்குவாதம், எல்லாம். இவ்வளவு ஞாபகசக்தி உள்ள பிசாசைத் தான் பார்த்ததே இல்லை என்று தீர்க்கதரிசி வியந்துபோனார். நான் ஒவ்வொரு வாரமும் வறுத்த வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவேன். கொடுக்கக் கூடாது என்பது முகாம் விதி. ஆகையால் அவர் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் போய் நின்று நானே சாப்பிட்டுவிட்டு வருவேன். அந்த அளவு மனிதத்தன்மை என்னிடம் உண்டு.

ஒருநாள் குணமாகிவிட்டார்.

திரும்பி வந்தபோது கொஞ்சம் இளைத்திருந்தார். மதாம் காக்கிச் சீருடையும் தொப்பியும் தைத்து வைத்திருந்தார். பாபா போட்டுக்கொண்டு சல்யூட் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று, இவ்வளவு காலமும் மதாமின் வீட்டை என் வீடு என்று நினைத்துத் தொந்தரவு கொடுத்தேன், இப்போது தெளிந்துவிட்டது என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மதாம் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மறுநாள் அந்தச் சுவரை இடிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தவரே பாபாதான்.

பணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதை நான் பாபாவுக்காகத்தான் பத்திரமாக வைத்திருந்தேன். ஆனால் வாராவாரம் அவரைப் பார்க்கப் போய்வர ஒரு வண்டி தேவைப்பட்டது. வண்டியை நிறுத்த ஒரு கொட்டகை தேவைப்பட்டது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மாடி இல்லாவிட்டால் பார்க்க நன்றாக இல்லை. சாதிக்கு தன் கடைக்குச் சுழலும் நாற்காலி கேட்டான். இப்படித்தான் போனது. எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை.

மகள் விஷயத்தில் மட்டும் ஒரு கவனக்குறைவு நேர்ந்தது. பாபா ஞாயிறுதோறும் அவளோடு போனில் பேசுவார். முகாமுக்குப் போனதும் போன் என் கைக்கு வந்தது. நான் அவர் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பி வந்தேன். உடம்பு நலம், கூரை நலம், மாமரம் காய்த்திருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு என்று அன்பாகத்தான் எழுதினேன். அதுதான் தப்பாகிவிட்டது. அவளுடைய அப்பா அவளை ஒரு தடவைகூடத் திட்டாமல் பேசியதே இல்லையாம். எத்தனையோ வாரமாகத் திட்டே வரவில்லை என்றதும் சந்தேகப்பட்டு, டிசம்பரில் யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டாள்.

கேட்டில் நடந்ததை மதாம் பிறகு என்னிடம் சொன்னார். கார் வந்து நின்றது. பாபா சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தார். அவள் இறங்கினாள்.

"அப்பா. என்னப்பா இது, என்ன உடுப்பு?"

"யாரும்மா வேணும்? மதாம் கடைக்குப் போயிருக்காங்க."

"நான் மோரெனிகேப்பா."

பாபா ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு குனிந்து ஒரு கணுக்காலைத் தடவிக்கொண்டாராம். அந்தப் பக்கம் கொசு அதிகம்.

"நல்ல பேரு" என்றார். "இப்படி நெழல்ல வந்து உக்காரும்மா. ரொம்ப தூரம் வந்த மாதிரி இருக்க. பயப்படாத, எனக்கும் இந்த மாதிரிதான் ஒரு நெனப்பு இருந்துச்சு. நல்லாப் போயிருச்சு."

அந்த நேரம் மதாமின் வண்டி வந்தது. பாபா ஓடிப்போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாராம்.

"மதாம், ஒரு பொண்ணு வந்திருக்கு. என்னைய அப்பாங்குது. திட்டிராதீங்க, பாவம். சாப்பிட ஏதாவது குடுங்க. மலைக்கு மட்டும் அனுப்பிராதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகுதான் மதாம் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் ஒழுங்காக விசாரித்திருக்கிறார். இருவரும் உங்களிடம் வந்தார்கள். நீங்கள் சாதிக்குவிடம் போனீர்கள். அவன் பாதி சவரத்தில் ஒரு வாடிக்கையாளரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனுக்கு எப்போதுமே வாய் அடங்காது.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். ஆம், வீட்டை விற்றது நான். விலாசம் இல்லாத ஒரு முடிதிருத்துகிறவனை வீட்டுக்காரனாக்கியதும் நான். வீட்டுக்காரனைக் காவலாளியாக்கியதும் நான்தான். பிசாசுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். இதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் வீட்டை விற்றுக்கொடு என்று என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். நான்கு வருடம் கழித்து அதை நிறைவேற்றினேன். எடுத்த வேலையை நடுவில் விடுகிறவன் நான் அல்ல. அவர் குணமானாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், அதற்கு நீங்களே சாட்சி.

நேற்று என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். உங்கள் ஜீப்பைக் கண்டதும் பாபா கேட்டைத் திறந்து எல்லோருக்கும் சல்யூட் அடித்தார். எனக்கும் அடித்தார். மகள் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் ஹோட்டலுக்குப் போகவில்லை, கேட்டை யார் பார்த்துக்கொள்வது என்றார். நாம் சமையலறைக்குப் போனோம். இடித்த சுவர் இருந்த இடத்துக்கருகில் நீங்கள் நடந்தபோது ஒரு ஓடு டொக்கென்று சத்தம் போட்டது. ஜன்னலுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் உடனே சொன்னார்.

"அங்க பாத்துக் கால் வைங்க மேடம். கீழ கொழாய் போவுது. எம் பொண்டாட்டி தொட்டி இங்கதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. கொழாய் போட்டப்புறம் மனச மாத்திக்கிட்டா. அதான் மூடிட்டேன்."

பாபா எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அவசர அவசரமாகத் தொப்பியைப் போட்டு, விறைப்பாக நின்று, மறுபடியும் சல்யூட் அடித்தார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். ஒடம்பு சரியில்லாதப்ப அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். இப்ப ஒண்ணும் இல்ல. நான் காவக்காரன்."

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். அவருடைய மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மாதத்தில் பாலைக்காற்றின் தூசி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் காது நன்றாகத்தானே இருந்தது, அம்மா. ஒரு மனிதர் இதைவிட நன்றாக எப்படிக் குணமாக முடியும்?